சலித்தது கடலா, நாங்களா

சலிக்கிற அரிதட்டை எப்படிக் கழுவுவது, கல்லை எத்தனை மணித்தியாலம் ஊற வைப்பது, அடுப்பின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் கழுவும் அறைச் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்களைத்தான் வேலைக்கு எடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். ஓய்வுபெற்றவள் ஒருநாள் வந்து புதியவர்களுக்கு நாலு வார்த்தை பேசட்டும் என்று காரியாலயத்திலிருந்து கேட்டார்கள். பேச வந்தால் நடுவில் அழுதுவிடுவேன் என்ற பயத்தில், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதும்போது அழுதால் யாருக்கும் தெரியாது.

மாத்தளைக்கு வேலைக்கு வருகிற எல்லோரும் முதல் கிழமையில் ஒரு கேள்வி கேட்பார்கள். சுற்றிவர மலை இருக்கிற ஊரில், எந்தக் கடற்கரைக்குப் போவதென்றாலும் அரை நாள் பஸ்ஸில் இருக்க வேண்டிய ஊரில், பழைய கடலை ஆராய ஒரு கூடம் எதற்கு? பெரிய காரணம் எதுவும் கிடையாது. கரையோரத்தில் நிலத்தைத் துளைத்து எடுக்கிற உருளைக் கற்களை, கோர் என்கிறோமே, அவற்றைப் பெட்டி பெட்டியாக அடுக்க யாரோ ஒருவர் இடம் தேடியிருக்கிறார். காலியாகக் கிடந்த இந்தக் கொக்கோ ஸ்டோர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கோர் வந்த இடத்துக்குக் கழுவும் அறை வந்தது, பிறகு நுணுக்குக்காட்டி வந்தது, பிறகு நான் வந்தேன். மழை நாளில் இன்றைக்கும் உள்ளே கொக்கோ மணக்கும்.

இந்த மாவட்டத்துக் கல்லில் நமக்கு வேலை இல்லை. பல்லேகமப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வெள்ளைக் கல் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து, இதற்குள் சிப்பி இருக்கிறதா பாருங்கள் என்றார். சுண்ணாம்புச் சூளைக்குப் போகிற அதே கல். அதுவும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்ததுதான் என்று அவரிடம் சொன்னேன். ஆனால் அந்தக் காலத்துக் கடலில் ஓடு கட்டுகிற உயிரே இருக்கவில்லை, அதோடு இந்தக் கல் பூமிக்கு அடியில் போய் வெந்து வேறு கல்லாகவே மாறிவிட்டது. மனுசர் தேத்தண்ணி குடித்துவிட்டு, கல்லை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். கோர் ஸ்டோர்க் கதவுக்கு அண்டை கொடுத்திருக்கிற கல் அதுதான்.

வடமேற்குக் கரையில் நிலத்துக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல் அப்படியில்லை. அது வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலில் படிந்தது. அதைக் கரைத்துக் கழுவினால் கடுகளவு ஓடுகளும், சீனிக் குறுணியை விடச் சின்ன ஓடுகளும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அவற்றில் சில முருகைக்கல் பக்கத்தில், பவளப்பாறை என்பார்களே, அங்கே தெளிந்த தண்ணீரில்தான் வாழும். சில கடற்புல்லில் ஒட்டிக்கொண்டு வாழும். சில, கடலோரத்து உப்பேரியான களப்பின் சேற்றை விட்டு வெளியே வராது. எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று பார்த்தால், அந்த இடத்தில் அன்றைக்கு இருந்தது எப்படிப்பட்ட கடல் என்று சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், செத்த ஓடு சொன்ன இடத்தில் நிற்காது. அலை இழுத்துப் போகும், புயல் தூக்கி எறியும். அதனால் நான் சேர்ந்தபோது இங்கே இருந்த பெரியவர், பெயரைப் போட்டால் கோபிப்பார், ஒவ்வொரு மாதிரிக்கும் பதிவேட்டில் இரண்டு நிரல் போட வைத்தார். ஒன்று ‘இருந்தவை’, மற்றது ‘வந்தவை’. அங்கேயே வாழ்ந்து அங்கேயே செத்தது முதல் நிரலுக்குப் போகும். வேறெங்கோ வாழ்ந்து இங்கே வந்து விழுந்தது இரண்டாவதற்குப் போகும். எதை எதில் போடுவது என்று தெரியாவிட்டால் போடாமல் வை என்பார். இன்றைக்குக் கமெரா படமெடுத்து எண்ணிக்கூடக் கொடுத்துவிடுகிறது. இந்த இரண்டு நிரலை மட்டும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அது என் பிழை பற்றியது, அதைவிட முக்கியமாக சாந்தினி பற்றியது.

சாந்தினி எங்கள் கழுவும் அறையில் தற்காலிக ஊழியராக வேலை செய்தவர். றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வீடு, எந்தக் காலத்திலோ இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். முப்பது வயது இருக்கும். அதற்கு முன்பு டவுனில் ஒரு மிளகுக் கடையில் தரம் பிரிக்கிற வேலை செய்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். புருசன் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நாலு வருடமாகத் தற்காலிகம், தற்காலிகம் என்று இழுத்தடித்த பிறகு, அந்த மாதம்தான் அவருடைய நிரந்தர நியமனக் கடிதம் மேலிடத்திலிருந்து வந்து, எங்கள் பொறுப்பதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்து விழாவிட்டால் வருட முடிவோடு வேலை போய்விடும். கூடத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

பதிவேட்டு நிரல்களை முதன்முதலாக அவருக்குக் காட்டியபோது கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுங்களையும் வந்தவங்க, இருந்தவங்கன்னு பிரிக்கிறீங்களா மிஸ்? எங்களைத்தான் அப்படிக் கேப்பாங்கன்னு நெனச்சேன்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பம் மாத்தளையில் எத்தனை தலைமுறை என்று விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டி வந்த இடங்கள் எனக்கும் உண்டு.

அந்த வருடம் வடமேற்குக் கரையில் ஒரு கிராமத்துக்குக் குடிதண்ணீர்க் கிணறு துளைக்க இருந்தார்கள். ஊர்க் கிணறுகள் எல்லாம் உவர்ப்பு. துளைக்கிற இயந்திரம் திங்கட்கிழமை வரும், ஒரு கிழமைதான் நிற்கும், ஒரு துளைதான் போடும். இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று ஊருக்கு வடக்கே தென்னந்தோட்டத்தில். அங்கே கீழே பழைய முருகைக்கல் இருப்பது முன்பே தெரியும். அப்படிப்பட்ட கல்லில் பொந்துகள் இருக்கும், நல்ல தண்ணீர் தங்கும். ஆனால் அங்கிருந்து ஊருக்கு வெகுதூரம் குழாய் போட வேண்டும். மற்றது ஊருக்கு நடுவே, பாடசாலைக்குப் பக்கத்தில். எல்லோரும் கேட்டது அதைத்தான். அங்கே போட்ட சோதனைத் துளை பாதியில் நின்றுவிட்டது. கடைசியாக வந்த கோர்த் துண்டு மட்டும் எங்கள் கைக்கு வந்தது. அந்த அடுக்கு முருகைக்கல் கடலில் படிந்ததென்றால் துணிந்து கீழே போகலாம். களப்பில் படிந்ததென்றால் கீழே களிமண்ணும் பழைய உப்பும்தான். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

புதன்கிழமை காலையில் அந்தக் கிணற்று வேலைக்குப் பொறுப்பான பொறியியலாளர் போனில் இருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாந்தினி கதவருகே வந்து நின்றார். ஊற வைத்திருந்த அந்தக் கோர்க் கல்லைக் கழுவ எல்லா அரிதட்டும் அடுக்கட்டுமா என்று கேட்டார். உங்களுக்குத் தெரியும், மேலே பெரிய கண், கீழே சின்னக் கண். கீழ்த்தட்டில் நிற்கிறதைப் பொறுக்கி எடுக்க இரண்டு நாள் முழுதாகப் போகும்.

“கீழ்த்தட்டு தேவையில்ல. மேல்தட்டு மட்டும் போதும்” என்றேன், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

“சின்னதுங்க எல்லாம் தண்ணியோட போயிருமே மிஸ்.”

“போகட்டும்.”

இவ்வளவுதான் நடந்தது. நான் திரும்பிப் பொறியியலாளரோடு பேசினேன். அந்த ‘போகட்டும்’ என் வாயிலிருந்து வந்ததைக்கூட மத்தியானத்துக்குள் மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை, மேல் அரிதட்டில் நின்றதைச் சின்னத் தட்டு ஒன்றில் தூவி நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த முதல் பார்வையின் சந்தோசம் குறையாது, உங்களுக்கும் குறையக்கூடாது. பொட்டுப் போல வட்டமாக, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, உள்ளே அறை அறையாகச் சுற்றிப் போகிற ஓடுகள். ஒற்றைக் கலம் மட்டும் உள்ள ஓர் உயிர் இப்படி ஒரு வீட்டைக் கட்டுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். எல்லாம் முருகைக்கல் பக்கம் வாழ்கிற இனங்கள். தட்டு நிறைய அவைதான். ‘இருந்தவை’ நிரலில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். ‘வந்தவை’ வெறுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில், பாடசாலைப் பக்கம் துளைக்கலாம் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வாசலிலேயே தண்ணீர் வரப்போகிறது என்று பெருமையாகவும் இருந்தது.

அன்றைக்கு ஜும்மாத் தொழுகை நேரம். ஆண்கள் பலர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். தட்டை எடுத்து வைக்க வந்த சாந்தினி, வழக்கம்போல நுணுக்குக்காட்டியில் ஒருதரம் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தான் கழுவினது என்னவென்று பார்த்துவிட்டுத்தான் மூடிவைப்பார்.

“மிளகு சலிச்சு வச்ச மாதிரி இருக்குங்க மிஸ்” என்றார்.

“அப்படின்னா?”

“எல்லாம் ஒரே சைஸ். கொடியில இருந்து ஆஞ்சு கொண்டாற மிளகு இப்படி இருக்காது. பெருசு, சிறுசு, பிஞ்சு, பொக்கு எல்லாம் கலந்துதான் இருக்கும். இது சலிச்சு எடுத்த மிளகு மாதிரி இருக்கு. இதுங்க இங்கேயே இருந்ததுன்னா புள்ளகுட்டிங்க எங்க மிஸ்?”

நான் மிளகு வியாபாரி வீட்டில் பிறந்தவள். எங்கள் வாப்பா கைப்பிடி மிளகை அள்ளிப் பார்த்து, இது தோட்டத்துச் சரக்கு, இது கடைச் சரக்கு என்று சொல்வதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தத் தட்டை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தெரியவில்லை. மிளகுக் கடையில் நாட்கூலிக்கு நின்ற பெண்ணுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

திரும்பக் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. உயிர்கள் ஓரிடத்தில் குடியிருந்தால் அங்கே குஞ்சும் குருமானும் சேர்ந்தே கிடக்க வேண்டும். ஒரே அளவாக இருக்கிறதென்றால் ஏதோ ஒன்று அவற்றைச் சலித்திருக்கிறது. சலித்தது கடலா, நாங்களா? கடல் என்றால் இவை வந்தவை, அறிக்கை பிழை. நாங்கள் என்றால் சின்ன ஓடுகள் சாக்கடையோடு போய்விட்டன, எதையும் சொல்ல முடியாது. இரண்டில் எதுவானாலும் அந்த அறிக்கை நிற்கக்கூடாது.

உடனே பொறுப்பதிகாரியின் அறைக்குப் போனேன். சாந்தினியும் தட்டோடு என் பின்னால் வந்தார். பொறுப்பதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். வேலையில் கண்டிப்பு, கெட்டவர் இல்லை. அறிக்கையை நிறுத்த வேண்டும், கழுவினதில் சின்ன ஓடுகள் போயிருக்கலாம் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆர் கழுவினது?” என்று கேட்டார்.

“சாந்தினி” என்றேன்.

அதில் பொய் இல்லை. கழுவினது அவர்தான். கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அது. ‘நான்தான் கீழ்த்தட்டு வேண்டாம் என்றேன்’ என்ற அடுத்த வசனம் அந்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. கையில் போனோடு நான் உட்கார்ந்திருந்த விதம், சாந்தினி கதவில் நின்ற விதம், எல்லாம் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த வருடம் உதவிப் பணிப்பாளர் பதவிக்கு என் பெயர் போயிருந்தது. அதற்காகத்தான் என்று இன்றைக்குத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு, பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

“இந்தப் பிள்ளையின்ர நியமனக் கடிதம் என்ர மேசையிலதான் கிடக்கு” என்றார் அவர், சாந்தினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. “இப்பிடியெண்டால் நான் அதில கையெழுத்து வைக்கேலாது. திங்கக்கிழமை பாப்பம்.”

சாந்தினி என் பக்கம் திரும்பவே இல்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. நான் அவரை ஓரக்கண்ணால்தான் பார்த்தேன், நேரே திரும்பிப் பார்க்கிற துணிவு வரவில்லை. அவர் சொன்னது இதுதான்.

“சேர், கல்லோட மத்தப் பாதி பெட்டியில பத்திரமா இருக்கு. கோர் ஸ்டோர்ச் சாவியைக் குடுத்தீங்கன்னா இப்பவே ஊற போட்டுருவேன். நாளைக்குக் கழுவிப் பாத்துரலாம்.”

கோரை நெடுக்கே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத் தொடாமல் வைக்கிறோமே, அந்தப் பாதி. சாவி கிடைத்தது. பொறியியலாளருக்குப் போன் பண்ணி, ஞாயிறு மாலை வரை இயந்திரத்துக்கு எந்த இடத்தையும் முடிவு செய்ய வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை லீவு நாள். முதல் பஸ்ஸில் சாந்தினி வந்துவிட்டார், சாப்பாட்டுப் பார்சலோடு. நான் போனபோது நாலு அரிதட்டையும் அடுக்கித் தண்ணீர்க் குழாயை மெல்லத் திறந்து வைத்திருந்தார். சேறு பால் போலக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கலங்கல் தெளியும் வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நேத்து நீங்க ஏன் சொல்லல்ல?” என்று கடைசியில் கேட்டேன். “மேல்தட்டு மட்டும் போதும்னு சொன்னது நான்தானே.”

அவர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லியிருந்தா நீங்களும் சேரும் அதைப் பேசிக்கிட்டே இருந்திருப்பீங்க. கல்லு ஊறியிருக்காது மிஸ்.”

அரிதட்டை ஒரு பக்கம் சாய்த்தபடி அவரே தொடர்ந்தார்.

“அதோட, அது நீங்க சொல்ல வேண்டியது. நான் சொன்னா சாட்டுச் சொல்றதாப் போயிரும்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலையே போகக்கூடிய நேரத்தில் இந்த மனுசி முதலில் யோசித்தது ஊறாத கல்லைப் பற்றி. முகம் தெரியாத ஊருக்குப் பிழையான இடத்தில் கிணறு போய்விடக்கூடாது என்பதைப் பற்றி. நான் யோசித்தது என் பதவியைப் பற்றி. இருபத்தைந்து வருட அனுபவம் என் பக்கம் இருந்தது, நிதானம் அவர் பக்கம் இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குள் கழுவினது காய்ந்துவிட்டது. கீழ்த்தட்டில் நின்றதைத் தட்டில் தூவி, நுணுக்குக்காட்டியில் முதலில் சாந்தினியைப் பார்க்கச் சொன்னேன். அவர் நிறைய நேரம் குனிந்திருந்தார்.

“இருக்குங்க மிஸ்” என்றார். “பயறு மாதிரி இருக்கு. குட்டியிலயிருந்து பெருசு வரைக்கும் எல்லாம் இருக்கு.”

நான் பார்த்தேன். இரண்டு மூடி உள்ள, பயறு போன்ற சின்னஞ்சிறு ஓடுகள். ஒவ்வொரு தடவையும் ஓட்டைக் கழற்றிக் கழற்றி வளர்கிற இனம் அது. முதல் ஓட்டிலிருந்து கடைசி ஓடு வரை, பாடசாலைக் கூட்டத்தில் முதலாம் வகுப்பிலிருந்து நிற்கிற பிள்ளைகளைப் போல எல்லா அளவிலும் இருந்தன. பலவற்றில் இரண்டு மூடியும் ஒட்டியபடியே இருந்தன. அலையில் உருண்டு வந்திருந்தால் மூடிகள் எப்போதோ பிரிந்திருக்கும். இவை செத்த இடத்திலேயே கிடந்தவை. எல்லாம் களப்புச் சேற்றில் வாழ்கிறவை. நான் வியந்து வியந்து எழுதிய முருகைக்கல் ஓடுகளில் ஒரு குட்டிகூட இல்லை. அவற்றை ஏதோ ஒரு புயல் வாரிக்கொண்டு வந்து, அளவு பார்த்து, அந்த அமைதியான களப்புக்குள் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது.

கடலும் சலித்திருக்கிறது, நாங்களும் சலித்திருக்கிறோம். கடல் வெளியாட்களைக் கொண்டுவந்து போட்டது. நான் வீட்டுக்காரர்களைச் சாக்கடையில் ஊற்றினேன். ஒரு பழைய கடலின் உண்மையான குடிமக்கள் அத்தனை பேரும் நான் ‘போகட்டும்’ என்று சொன்ன தண்ணீரில்தான் இருந்தார்கள்.

பதிவேட்டில் பழைய பக்கத்தை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதினேன். பிறகு கடிதம் எழுதினேன். பாடசாலைப் பக்கம் வேண்டாம், தென்னந்தோட்டத்துக்குப் போங்கள் என்பது ஒரு பந்தி. முதல் அறிக்கை ஏன் பிழையானது என்பது அடுத்த பந்தி. ‘கீழ் அரிதட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது நான். சின்ன ஓடுகள் போய்விடும் என்று சாந்தினி அந்த நேரமே சொன்னார். முதல் முடிவிலிருந்த பிழையைக் கண்டுபிடித்ததும் அவரே.’ பொறியியலாளருக்கும் பொறுப்பதிகாரிக்கும் சேர்த்தே அனுப்பினேன், பிறகு மனம் மாறிவிடக்கூடாது என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை பொறுப்பதிகாரி என் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“என்ன மிஸ், இப்பிடி எழுதத்தான் வேணுமோ? ‘கழுவினதில ஒரு தவறு’ எண்டு போட்டால் காணாதோ? உங்கட புரமோஷனுக்குக் கடிதம் போயிருக்கிற நேரம்.”

“காணாது சேர்” என்றேன். ‘போதாது’ என்று சொல்லாமல் என் வாயில் அவருடைய யாழ்ப்பாணப் பேச்சு வந்துவிட்டதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போனை வைக்கும்போது சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம் என்றார். ஓம் என்றேன்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். என் கடிதம் அவர் முன்னால் இருந்தது. சாந்தினியின் நியமனக் கடிதமும் இருந்தது.

“மிஸ் எழுதியிருக்கிறது உண்மையோ? கீழ்த்தட்டு வேண்டாமெண்டு அவதான் சொன்னவவோ?”

ஒரு வார்த்தை போதும். ‘ஆமாங்க சேர்’ என்றால் எல்லாம் முடிந்துவிடும். நாலு வருடமாகக் காத்திருந்த கையெழுத்து விழுந்துவிடும். நான் மனதுக்குள் அந்த வார்த்தைக்காகத் துஆ கேட்டுக்கொண்டு நின்றேன்.

“ஆமாங்க சேர், சொன்னாங்க” என்றார் சாந்தினி. “ஆனா தண்ணியத் தொறந்துவிட்டது நான்தான். சின்னதுங்க போயிரும்னு தெரிஞ்சேதான் விட்டேன். ஒரு தடவை கேட்டேன், போகட்டும்னாங்க, சரின்னு போயிட்டேன். மிஸ் போன்ல இருந்தாங்க. போனை வச்சதுக்கப்புறம் இன்னொரு தடவை போய்க் கேட்டிருக்கணும். அது என்னோட தப்பு.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் விழுந்ததை அவர்கள் இருவரும் பார்த்தார்கள், பார்க்காதது போல இருந்தார்கள். அந்த அறையில் தன் பங்குப் பிழையை யாரும் கேட்காமலே எடுத்து மேசையில் வைத்தவர், அதை வைத்தால் வேலை போய்விடக்கூடிய ஒரே ஆள். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேராசிரியர்களை விட, என்னை விட, அந்த நிமிசத்தில் அவர் பெரிய விஞ்ஞானி. நான் அவரை மதிக்கிற அளவுக்கு இந்தத் துறையில் வேறு யாரையும் மதித்ததில்லை.

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்து அதைச் சாந்தினியின் பக்கம் தள்ளினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, நியாயமாகவே. பதவி வேறொருவருக்குப் போனது. அவர் நன்றாகவே செய்தார்.

தென்னந்தோட்டத்தில் நல்ல தண்ணீர் வந்தது. குழாய் போட்டு முடிக்க நாள் எடுத்தது, ஊரார் எங்களைத் திட்டியிருப்பார்கள். பாடசாலைப் பக்கம் துளைத்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அங்கே யாரும் துளைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே உங்களிடமும் சொல்கிறேன்.

சாந்தினி என்று நான் எழுதியது அவருடைய பெயர் இல்லை. ஆனால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஏதாவது ஒரு நாள் நீங்கள் அவசரத்தில் இருப்பீர்கள், கையில் போன் இருக்கும். கழுவும் அறையிலிருந்து ஒருவர் வந்து ஒரு கேள்வி கேட்பார். நீங்கள் சரி, சரி என்று ஏதோ சொல்லி அனுப்பிவிடுவீர்கள். அவர் போய், கொஞ்சநேரத்தில் திரும்பி வந்து, அதே கேள்வியை அப்படியே இன்னொரு தடவை கேட்பார். அப்போது போனைக் கீழே வையுங்கள்.